நீளம் சமம்

முதல் நிபந்தனை:
இரண்டு சரமும் ஒரே நீளம்.
இல்லையென்றால் பிழை என்று சொல்லி வெளியேறு.
அப்புறம்தான் எண்ணல்.
முதலோடு முதல், கடைசியோடு கடைசி,
ஒட்டாத இடத்தில் ஒன்று கூட்டு.

பத்து வரிப் பயிற்சி.
கோட்டையூரில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ராத்திரி ஒன்பதரைக்கு
ஜெராக்ஸ் மெஷின் சூடு ஆறும் வாசனையில்
எழுதிக்கொண்டிருந்தேன்.

சோதிக்க ஏதாவது கொடுக்க வேண்டுமே.
கொடு என்றொரு சொல், கெடு என்றொரு சொல்.
விடை: ஒன்று.
சிரித்துக்கொண்டேன்.
பணம், பிணம்.
நீளம் சமமில்லை என்றது.
எனக்கு இதிலும் மூன்றெழுத்து, அதிலும் மூன்று.
அது மேல்விலங்கையும் தனி ஆளாய் எண்ணுகிறது.
பணமென்றால் பிணமும் வாய் திறக்குமாம்;
இங்கே பக்கத்தில் நிற்கக்கூட விடவில்லை.

பெரிய வீட்டின் முகப்பில் ஓர் அறைதான் கடை.
உள்ளே ஐந்து பங்காளி, ஐந்து பூட்டு.
மீட்டர் பார்க்கப் போகும்போது
வளவுத் தூண்களை எண்ணியிருக்கிறேன்:
இந்தப் பக்கம் ஏழு, எதிரே ஏழு.
எதிர்வரிசை நாலாவதில் மட்டும்
டியூப்லைட் கழற்றிய ஆணி.
வேற்றுமை: ஒன்று.
அப்போதெல்லாம் இது விளையாட்டு.

செவ்வாய்க்கிழமை அடைக்கலம் வந்தார்.
லாரி திருச்சி ரோட்டில் உறுமிக்கொண்டு நின்றது.
"ஆச்சி, வீட்டுக்குப் பதினாலாயிரம் போட்டுவிடுங்க."
முப்பத்தொரு வயசில் எல்லோருக்கும் நான் ஆச்சி.
டோல்கேட் ரசீதின் முதுகில் கணக்கு எண்.
டீசல் விரல் பட்டு
ஒரு 3 வாயை மூடி
8 ஆகியிருந்தது.

அடித்தேன்.
மறுபடி அடி என்றது திரை.
மறுபடி அடித்தேன்.
பதினைந்து இலக்கம், பதினைந்து இலக்கம்.
கட்டம் பச்சையானது.
வேற்றுமை: பூஜ்யம்.

பூஜ்யம்தான்.
முதல் தடவை பார்த்த அதே கண்தானே
இரண்டாம் தடவையும் பார்த்தது.

வெள்ளிக்கிழமை அவர் மனைவி செபஸ்தியம்மா
போனில் கேட்டார்: "வரலையேம்மா?"

அறந்தாங்கிக் கிளையில் யாரோ.
பேர் சொல்ல மாட்டோம், எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.
இரண்டு பிரதி கொடுத்தேன்.
மேலாளர் ஒன்றை மற்றதோடு வரிவரியாய் ஒப்பிட்டு
திருப்தியாக முத்திரை குத்தினார்.

அந்த யாரோவும் செபஸ்தியம்மாவும்
ஓர் இடத்தில்தான் வேறு.
மற்ற பதினான்கிலும் ஒரே ஆள்.
சனிக்கிழமை பன்னிரண்டாயிரம் எடுத்துவிட்டாராம்.
காசாளர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.
எடுத்ததுகூடப் பரவாயில்லை.
அந்த இரண்டாயிரத்தை ஏன் விட்டுவைத்தார்?
ஆஸ்பத்திரியா, வட்டியா, பயமா?
அதுதான் தூங்க விடவில்லை.

சீட்டுப் பணத்திலிருந்து கட்டினேன்.
"என் மூணு எப்பவுமே அப்படித்தான் ஆச்சி"
என்றார் அடைக்கலம்.
வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.
சொல்லவும் கூடாது.

நிரல் எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது.
மூன்றாவதாய் ஒரு சரம் சேர்க்கப் பார்த்தேன்,
இரண்டும் எதைப் பார்த்து எழுதப்பட்டனவோ அது.
பயிற்சியில் அதற்கு இடமில்லை.
அதன்மேல் டீசல் வேறு.

இப்போதெல்லாம் இரண்டாம் தடவை நான் அடிப்பதில்லை.
கீபோர்டை அவர்கள் பக்கம் திருப்பிவிடுகிறேன்.
ஒற்றை விரலால் தேடித் தேடிக் குத்துகிறார்கள்.
பின்னால் நிற்பவர்கள் முனகுகிறார்கள்,
"இந்த ஆச்சி கடையில் லேட்டு" என்று
எதிர்க்கடைக்கு நாலு பேர் போய்விட்டார்கள்.

நேற்று, கீரைக்காரம்மா அடித்தபோது
கட்டம் சிவந்தது.
எண்ணினேன்: ஒன்று. ஏழாம் இடம்.
அவருடையதா, என்னுடையதா,
அதை எண்ணிக்கை சொல்லாது.
அவர் முந்தானை ஈரத்தில் கையைத் துடைத்தார்.
நான் கண்ணாடியைத் துடைத்தேன்.
இருவருமாய்த் தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனோம்.